நிறம் தின்னும் தொட்டி

இரண்டு பழைய தகடுகளைச் சுமந்துகொண்டு ஒரு மனிதனைக் கடல் தாண்ட வைக்க என் தங்கை சரோஜாவால்தான் முடியும். பினாங்கில் ஒரு கடற்கரை ஹோட்டலின் நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, இந்த வலைத் தகடுகளுக்கு நடுவே மின்சாரத்தை விட்டால் உப்பிலிருந்தே குளோரின் கிளம்பும். புது எந்திரம் வந்ததும் பழையதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி எப்போதோ தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னதுதான் நான் செய்தது. மறுவாரமே தங்கையின் கணவர் துரைசாமி கூப்பிட்டார். "மச்சான், அந்தத் தகடு மட்டும் வந்துருச்சுன்னா என்ற பொழப்புத் தப்பிச்சுக்கும்ங்க" என்றார். தங்கையும் வாங்கிப் பேசி ஒரு பாட்டம் அழுதாள். மேலாளரிடம் கேட்டுத் தகடுகளை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

சுங்கத்தில் அதைக் கண்டதும் அதிகாரி முகம் மாறிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். நீச்சல்குளத்துச் சாமான் என்றேன். கோயமுத்தூருக்கு நீச்சல்குளத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டுவிட்டு, என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிவிட்டார்.

சிங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்தில் நின்றவரிடம் பெரியநாயக்கன்பாளையம் பஸ் எதுவென்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "இதுல ஏறிக்குங்க, போயிக்கலாமுங்க" என்று ஒரு பஸ்ஸைக் காட்டி, பெட்டியையும் தூக்கிக் கொடுத்தார். அது என்னை உக்கடத்தில் கொண்டுபோய் இறக்கியது. போகவேண்டிய ஊர் வடக்கே, நான் நிற்பது தெற்கே. கோபம் தலைக்கேறி அங்கே ஒரு கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "முதல்ல தண்ணி சாப்பிடுங்க. சிறுவாணி ஆத்துத் தண்ணிங்க" என்றார். குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை. பினாங்கில் மழை வருடம் முழுக்கக் கொட்டுகிறது, ஆனால் தண்ணீருக்கு ருசி உண்டென்று அங்கே எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஊர் வந்து சேர்ந்து வீட்டுப் படியேறுவதற்குள் தங்கை சொம்போடு நின்றாள். இந்தப் பக்கத்தில் இதுதான் வழக்கம். வந்தவர் யாரானாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. தபால்காரருக்கும் தண்ணீர், கடன் கேட்க வந்தவருக்கும் தண்ணீர். கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் அன்றோடு உறவு முடிந்தது என்று அர்த்தமாம்.

மாப்பிள்ளையின் சாயப் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. சில கெமிக்கல் சாயங்களை ஐரோப்பாக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட நேரம் அது. மஞ்சிட்டி, மாதுளை ஓடு, கடுக்காய், அவுரி, மஞ்சள் என்று செடிகொடியில் சாயம் எடுத்து, குழந்தைகளுக்கான துண்டுகளை முக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் மூலிகை, ஒரு சொட்டு விஷம் கிடையாது என்று மார்தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பின்பக்கம் போய்ப் பார்க்கிற வரைக்கும்.

பின்பக்க வாய்க்காலைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கருஞ்சிவப்பாக, நுரை கட்டி, ஆட்டை அறுத்து ரத்தத்தை ஊற்றியதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தேங்கிய இடத்தில் அழுகல் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூலிகையாம் மூலிகை! சாப்பிடுகிற சோறுகூடத் தேங்கினால் நாறத்தானே செய்யும். அந்த வாய்க்கால் நேரே பக்கத்துத் தோட்டத்துக்குள் போகிறது.

தோட்டத்துக்காரர் பெயர் ராமசாமி. வேலிக்கு அந்தப் பக்கம் தென்னையும் சின்ன வெங்காயமும் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பெண் குழந்தைக்குக் காதுகுத்து நடந்தபோது பந்திக்கு வந்து உட்கார்ந்தவர், இலையில் சோறு விழுவதற்குள் எழுந்துவிட்டாராம். அன்று காலைதான் அவர் கிணற்றில் சிவப்புத் தண்ணீர் ஊறியிருக்கிறது. எழுந்து நின்று சபை நடுவில், "உங்க சாயத்தண்ணி என்னைக்குக் குடிக்கிற தண்ணியா ஆகுதோ, அன்னைக்குத்தானுங்க உங்க ஊட்ல கை நனைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கை நனைப்பது என்றால் ஒரு வீட்டில் சோறோ தண்ணீரோ ஏற்றுக்கொள்வது. அதை மறுப்பதைவிடப் பெரிய பகை இந்தச் சீமையில் இல்லை. அந்தப் பகையையும் 'ங்க' போட்டுத்தான் சொல்லியிருக்கிறார், பாருங்கள். பினாங்கில் நாங்கள் பக்கத்து வீட்டுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மறுநாள் காலையில் அவனோடு ஒரே கடையில் ரொட்டி தின்போம்.

சபதத்தோடு அவர் நிற்கவில்லை, அரசாங்க ஆபீசில் மனுவும் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, வருகிற வாரத்துக்குள் ராமசாமி மனுவைத் திரும்ப வாங்காவிட்டால் பட்டறைக்குக் கரண்டை வெட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கரண்டு போனால் பட்டறை போச்சு. பட்டறை போனால் வீடும் போகும், அது அடமானத்தில் இருக்கிறது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே தங்கை இதையெல்லாம் சொன்னாள்.

மறுநாள் காலையில், குளோரின் சாயத்தை வெளுத்துவிடும் என்ற மாப்பிள்ளையின் கணக்கை நம்பித் தகடுகளைத் தொட்டியில் மாட்டினோம். முலாம் போடுகிற பட்டறை ஒன்றிலிருந்து மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவிடும் ஒரு பழைய ரெக்டிஃபையரை மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்தார். சாயத்தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, சுவிட்சைப் போட்டார். தகடுகளைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மேலே அழுக்கு நுரை திரண்டது. கருஞ்சிவப்பு செங்கல் நிறமானது, செங்கல் நிறம் தேநீர் நிறமானது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கரண்டு வந்து மறுபடி ஓடவிட்டு, நாங்கள் இடியாப்பம்போன்ற சந்தகையைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து தின்று முடித்து வந்து பார்த்தபோது தொட்டியின் அடி தெரிந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குளத்துத் தண்ணீரோடு மாரடித்தே கிழவனாகிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நிறம் இப்படிக் கண்ணெதிரே செத்துப்போவதை நான் பார்த்ததேயில்லை. வேரையும் தோலையும் நாள்கணக்கில் ஊறவைத்துக் கொதிக்கவைத்து எடுத்த சிவப்பு, இருந்த இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தங்கை தொட்டிக்குத் திருஷ்டி கழித்தாள்.

நெடி மட்டும் எனக்குப் பழக்கமான நெடி. நீச்சல்குளத்தின் பம்பு அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதே குளோரின் நெடிதான், அதைவிடக் காட்டமாக. மாப்பிள்ளையிடம் தெளிவாகச் சொன்னேன். நிறத்தைத் தின்ற சரக்கு இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, திறந்த தொட்டியில் சில நாள் வெயிலில் கிடந்தால்தான் அது போகும், போட்ட உப்போ எங்கேயும் போகாது, நிறம் செத்து வேறு என்னவாக மாறியிருக்கிறது என்பது எனக்கே தெரியாது, ஆகவே இதை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்றேன். "சரிங்க மச்சான்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் 'சரிங்க' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் எழுந்து பார்த்தால் தொட்டி காலி. தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு, "மாத்தியாச்சுங்க மச்சான்" என்றார். வேறு தொட்டிக்குத்தான் மாற்றியிருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு ராமசாமி வீட்டுக்குப் போனார். போனவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். ராமசாமி வருகிறாராம். நாளைக்கு வந்து கண்ணால் பார்த்து, சொன்ன சொல்படி கை நனைத்துவிட்டு, மனுவைத் திரும்ப வாங்க நேரே ஆபீசுக்குப் போகிறாராம்.

அன்று சாயந்திரம் வேலியோரம் நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கட்டுத்தறியில் ராமசாமியின் மனைவி பொன்னம்மா தன் எருமையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தாழியில் தண்ணீரை ஊற்றித் தவிடும் கலந்து வைத்திருக்கிறார், எருமை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "தண்ணி பளிங்காட்ட இருக்குது, உனக்கு என்ன கேடு? இத்தனை நாளு சேத்துத் தண்ணிய உறிஞ்சிப்போட்டு இப்ப ராங்கி பண்ணற?" என்று வைதார். என்னைப் பார்த்ததும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "சீமைக்காரருங்களா? எங்க ராங்கிக்காரியப் பாத்தீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எருமைக்குக்கூட ராங்கி உண்டென்று பினாங்கில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராமசாமி வந்த அன்று காலை வீடே கல்யாண வீடாக இருந்தது. ஒப்பிட்டு என்கிற போளியைத் தட்டி அடுக்கியிருந்தாள் தங்கை. ராமசாமி வெள்ளை வேட்டியில் வந்தார். ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். கூடவே பொன்னம்மாவும் சாட்சிக்கென்று உறவுக்காரர்கள் சிலரும் வந்தார்கள். தொட்டியை எட்டிப் பார்த்தார். மறுபடி ஓடவிட்டுத் தெளியவைத்த தண்ணீர் அதில் அடிவரைக்கும் தெரிய நின்றது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்பவே முடியலீங்க" என்றார். மாப்பிள்ளை தன் கையால் மஞ்சளில் சாயம் ஏற்றிய சால்வையை அவர் தோளில் போட்டார். பளீரென்று பூசுமஞ்சள் நிறம். எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கு அவர் பக்கத்திலேயே நாற்காலி.

வழக்கமாகத் தண்ணீர் கொண்டுவருவது தங்கைதான். அன்றைக்கு மாப்பிள்ளையே ஒரு பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். ராமசாமி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்ளச் சொம்பை உயர்த்தினார். என் மூக்குக்கு நேரே அது போனபோது அந்த நெடி வந்தது.

'குடிக்கிற தண்ணியா ஆகுதோ' என்று அவர் சொன்ன சொல்லை மாப்பிள்ளை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரையே மொண்டு வந்து நீட்டியிருக்கிறார்! வாயைத் திறந்தேன். இவர்கள் ஊரில் இதற்கு என்ன மரியாதையான வார்த்தை இருக்கிறதோ எனக்குத் தெரியாது. எட்டிக் கையைப் பிடித்து இழுத்தேன். சொம்பு சாய்ந்து, தண்ணீர் முழுக்க ராமசாமியின் தோளில் கொட்டியது.

வாய்க்குப் போன தண்ணீரை, அதுவும் பகை தீர வந்தவர் கையிலிருந்து தட்டிவிடுவதா? தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். உறவுக்காரர்களில் ஒருவர் செருப்பைத் தேடினார். மாப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இதைக் குடிக்கக்கூடாது, இதைக் குடிக்கக்கூடாது என்று கிளிப்பிள்ளைபோல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்க ஹோட்டல்ல வெள்ளைக்காரன் இந்தத் தண்ணியிலதானுங்க மச்சான் முங்கிக் குளிக்கறான்? ஒரு வாய் உள்ள போனா அவன் செத்தா போறான்?" என்று மாப்பிள்ளை உடைந்த குரலில் கேட்டார். குளத்தில் போடுவது துளியூண்டு, இதில் இருப்பது அதைப்போல எத்தனை மடங்கோ என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. பொன்னம்மா தன் புருஷனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் பட்ட இடத்தில் சால்வை வெளுத்துக்கொண்டிருந்தது. முதலில் ஓரங்கள், பிறகு நடு. பூசுமஞ்சள் எலுமிச்சை நிறமாகி, எலுமிச்சை நிறம் பழைய துணி நிறமாகி, எங்கள் கண்ணெதிரிலேயே தோள் பக்கம் முழுக்க வெள்ளை பூத்தது. தொட்டியில் பார்த்தபோது அழகாக இருந்த அதே வேலைதான். இப்போது அது ஒரு மனிதனின் தோள்மேல் நடந்தது. மங்கலத்துக்குப் போர்த்திய மஞ்சள் போனதும் அங்கிருந்த பெண்கள் முகங்களில் ஈயாடவில்லை. சாயக்காரரான மாப்பிள்ளைக்கு வேறெந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ராமசாமி சால்வையைக் கழற்றி மடித்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க துரைசாமி, முந்தாநேத்து ராத்திரி வாய்க்கால்ல உட்டது இந்தத் தண்ணிங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். 'மாத்தியாச்சுங்க' என்றாரே, அது வாய்க்காலுக்கு மாற்றியிருக்கிறார். அப்போதுதான் பொன்னம்மா, "அய்யோ, தாழிக்கு அதைத்தானுங்க மொண்டாந்து ஊத்துனேன்" என்று எழுந்து ஓடினார். அத்தனை பேரும் வேலியைத் தாண்டி ஓடினோம். என் செருப்பு ஒன்று வாய்க்கால் சேற்றோடு போனது.

தாழி நிறைந்தபடியே இருந்தது. தவிடு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. எருமை தாழியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்று, அசை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. பொன்னம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். உப்புத் தண்ணீர் என்றால் உறிஞ்சித் தள்ளும் மாடு, வாயே வைக்கவில்லை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா, உன்னைப் போய் வைதேனே கண்ணு என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வெங்காயத்துக்கு இன்னும் தண்ணீர் திருப்பவில்லை, வாய்க்கால் ஓரத்துத் தென்னை மட்டும்தான் குடித்திருக்கிறது. தென்னைக்கு நாங்களே உப்புப் போடுவோம், அது தாங்கிக்கொள்ளும் என்றார் ராமசாமி. பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "கலரா வந்தப்ப கண்ணுல பாத்தாச்சும் அக்கட்டால தள்ளி உட்டுட்டு இருந்தேனுங்க. இது வாரதே தெரியலீங்களே" என்றார். அடி வாங்கியிருந்தால்கூட மாப்பிள்ளைக்கு அவ்வளவு வலித்திருக்காது. நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று நம்பி, தங்கை தொட்டிக்குத் திருஷ்டி கழித்ததை நானும் சிரித்துக்கொண்டு பார்த்தவன்தானே.

பேச்சு கட்டுத்தறியிலேயே நடந்தது. தெளிந்த தண்ணீரை அகலமான திறந்த தொட்டி கட்டி வெயிலில் போடுவது, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிப்பது, அதுவரை பட்டறையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே விடாமல் இருப்பது என்று நான் சொன்னதையெல்லாம் ராமசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தொட்டி கட்டத் தன் வேலியோரத்து நிலத்தைத் தருகிறேன் என்றார். அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சரி என்று சொன்னாலும், முதல் வாய் அவருடைய எருமைதான் வைக்கவேண்டும். அது குடித்தால் மடையைத் திறக்கலாம், முகத்தைத் திருப்பினால் திறக்கக்கூடாது. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை "சரிங்க" என்றார். அந்த 'சரிங்க' வேறு மாதிரி இருந்தது.

மனுவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்க மாப்பிள்ளைக்குத் தைரியம் இல்லை, எனக்கு உரிமை இல்லை. விறுவிறுவென்று ராமசாமி வேலியைத் தாண்டித் திரும்பவும் எங்கள் பக்கம் நடந்தார். நேரே வீட்டுக்குள் வந்து, தான் எழுந்து வந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மணி, தண்ணி கொண்டாங்க" என்றார் தங்கையிடம்.

தங்கை ஓடிப்போய் வீட்டுக் குடத்திலிருந்து மொண்டு வந்தாள். ராமசாமி அதை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். அந்தக் கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார்.

கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்ப்பது! இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். வீட்டுக்காரியின் முகத்தில் அறைவதற்குச் சமம் அது. என் தங்கைக்கு என்ன ஆகுமோ என்று நான் பதறிப்போய் அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கி, கைகூப்பி நின்றுகொண்டு, "நல்லாப் பாத்துக்குங்க அண்ணா" என்றாள். மாப்பிள்ளையும் உறவுக்காரர்களும் அப்படியே தலையாட்டினார்கள். என் தலையும் ஆடிக்கொண்டிருந்தது.

ராமசாமி சொம்பை உயர்த்தி, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு ஈரக் கையை மடித்து வைத்திருந்த அந்தச் சால்வையில், இன்னும் மஞ்சள் மிச்சமிருந்த பக்கமாகப் பார்த்துத் துடைத்துக்கொண்டு, "ஆபீசுக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க" என்று எழுந்தார்.